டிடிஎச் பெட்டிக்குள் மாட்டிய பட்டிமன்றம், மாடி டிவிக்கு ஏறாத கல்யாண வீடியோ: வழி உண்டா?

காவிரிக்கரை:

வணக்கம். கேள்வி ஒன்றல்ல, நாலு. எல்லாம் ஒரே வீட்டில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் சேர்த்தே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு ஸ்ரீரங்கத்தில். கீழே அப்பா அம்மா, மாடியில் நாங்கள். ஃபைபர் இணைப்பு கீழ்வீட்டுக்கு வருகிறது. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று கீழிருந்து ஒரு கேபிள் இழுத்து மேலே இன்னொரு ரவுட்டர் வைத்திருக்கிறேன். நெட்டில் ஒரு குறையும் இல்லை. கீழ் ரவுட்டரின் பின்பக்கம் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதே, அதில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் செருகி, அக்கா கல்யாணம் (1999, விசிடி), என் கல்யாணம் (2009, நாலு டிவிடி), பாட்டி பாடிய திருப்புகழ் கேசட்டுகளை எம்பி3 ஆக்கியது, பத்து வருட போன் படங்கள் எல்லாவற்றையும் போட்டு வைக்க ஆரம்பித்தேன். டிவிடி மட்டும் இன்னும் முடியவில்லை. கீழ் ஹால் டிவியில் அந்த டிஸ்க் தானாகவே பட்டியலில் வருகிறது, ஓடுகிறது. மாடி டிவியில் பெயர்கூட வருவதில்லை. இரண்டும் ஒரே கம்பெனி டிவி, ஒரே வருடம் வாங்கியவை.

இரண்டாவது, புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் (புரோ பதிப்பு) அதே டிஸ்க்கைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. பழைய லேப்டாப்பில் இன்றைக்கும் திறக்கிறது. மூன்றாவது, அக்கா இருப்பது கோயம்புத்தூரில். திருப்புகழை அவளும் கேட்க வேண்டுமாம். பென் டிரைவில் கொடுத்தால் தொலைத்துவிடுகிறாள்.

நாலாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு ஒரு டிவி பட்டிமன்றத்தில் பேசினார். டிடிஎச் பெட்டியில் யூஎஸ்பி டிஸ்க் மாட்டிப் பதிவு செய்து வைத்தேன். பெட்டி இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கிறது, நாலு தடவை அணைத்துப் போட்டால் ஒரு தடவை உயிர் வருகிறது. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் புதுப் பெட்டி தருகிறோம், பழைய பதிவு அதில் ஓடாது என்று முடித்துவிட்டார்கள். மாதாமாதம் பணம் கட்டி, என் காசில் வாங்கிய டிஸ்க்கில், என் அப்பா பேசியதை நான் எடுக்க முடியாது என்றால் இது என்ன நியாயம்?

ஒன்பதுமணிச்சங்கு:

அக்கா விஷயம் ரொம்ப எளிது. ரவுட்டர் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் என்று இருக்கும், டிஸ்க்குக்கு ஒரு போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டு அந்த முகவரியை அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். நான் இப்படித்தான் மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பட்டிமன்றத்துக்கு, டிவிக்குப் போகும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் எச்டிஎம்ஐ கேப்சர் கருவி வாங்கிப் பாருங்கள்.

பழைய_கேபிள்காரர்:

முதலில் ஒன்று. அந்த 'ஃபார்மட் செய்யவா' கேள்விக்கு வீட்டில் யாரும் ஆமாம் என்று அழுத்திவிடக் கூடாது. டிஸ்க்கின் மேல் காகிதம் ஒட்டி எழுதி வையுங்கள். குழந்தைகள் இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

கம்ப்யூட்டர் ஏன் அப்படிக் கேட்கிறது? பெட்டி தன் வசதிக்கு ஒரு கோப்பு முறையில் டிஸ்க்கை அமைத்துக்கொள்கிறது, விண்டோஸுக்கு அது புரியாது. புரிகிற கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பயன் இல்லை, உள்ளே இருப்பது மறையாக்கம் செய்த குப்பை போலத்தான் தெரியும். அதைத் திறக்கும் சாவி அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது. என் கைக்கு வந்து போன பெட்டிகளில், அதே கம்பெனியின் அதே மாடல் பக்கத்து வீட்டில் இருந்தாலும் அங்கே ஓடாது. ஆகவே பெட்டி சாவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும். இதில் வாடிக்கையாளர் சேவை சொன்னது உண்மைதான், மனசாட்சியே இல்லாமல் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

வீட்டுக்குள் ஒரு அறையில் பதிந்ததை இன்னொரு அறையில் பார்க்க வழியே யோசிக்கவில்லையா என்றால், யோசித்தார்கள். 1998இல் ஹிட்டாச்சி, இன்டெல், மட்சுஷிதா (இன்றைய பானசோனிக்), சோனி, தோஷிபா ஐந்தும் சேர்ந்து டிடிசிபி என்று ஒரு பூட்டு முறையைக் கொண்டுவந்தன. முதலில் கேம்கார்டரில் இருக்குமே ஃபயர்வயர், அந்தக் கம்பிக்கு. பிற்பாடு வீட்டு நெட்வொர்க்குக்கும் வந்தது. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் சான்றிதழைக் காட்டி ஒன்றையொன்று அறிந்துகொண்ட பிறகுதான் படம் போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு முத்திரை உண்டு: நகலே கூடாது, ஒரு தலைமுறை நகல் மட்டும், இதற்கு மேல் நகல் கூடாது, தாராளமாக எடு.

இதில் எனக்குப் பிடித்த கூத்து, 'வீடு' என்பதை எப்படி அளந்தார்கள் என்பது. எதிர்முனைக் கருவி 7 மில்லி விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும், தகவல் பொட்டலம் மூன்று ரவுட்டர் தாவலுக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டினால் நீ வீட்டில் இல்லை என்று அர்த்தம். கண்ணாடி இழையில் வெளிச்சம் ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும், ஆகவே திருச்சியிலிருந்து கோவைக்கு நேர் இழை போட்டிருந்தால் உங்கள் அக்காவும் வீட்டில் இருப்பதாகத்தான் அந்தப் பெட்டி நினைத்திருக்கும்! நிஜத்தில் அது எங்கெங்கோ சுற்றி, ரவுட்டர் ரவுட்டராகத் தாவித்தான் போகும், நடக்காது. ஜப்பானில் டிவி ரெக்கார்டர்களில் இந்த முறை வெகுவாகப் புழங்கியது. நம் ஊர்ப் பெட்டிகளுக்கு அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, பெட்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

எச்டிஎம்ஐ கேப்சர் என்று மேலே நண்பர் சொன்னது உதவாது. அந்தக் கம்பியில் எச்டிசிபி என்று இன்னொரு பூட்டு இருக்கிறது, ஒழுங்கான கேப்சர் கருவி கருப்புத் திரையைத்தான் காட்டும். பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏவி கேப்சர் ஸ்டிக் ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வாங்கி, பெட்டியில் நிகழ்ச்சியை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதியுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பழைய டிவி தரம்தான் வரும், ஆனால் பட்டிமன்றத்தில் முகமும் குரலும் இருந்தால் போதாதா? சில பெட்டிகள் ஏவியிலும் படத்தைக் கலைக்கும் சமிக்ஞை விடும், அது உங்கள் அதிர்ஷ்டம்.

அதற்கும் முன்னால், அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தைப் பார்த்தீர்களா? பண்டிகை நிகழ்ச்சிகளைப் பாதிக்கு மேல் அவர்களே ஏற்றியிருப்பார்கள். இல்லை என்றால் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு அப்பாவே தன் கையால் ஒரு கடிதம் போடட்டும், தமிழாசிரியர் கடிதத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

கோர்ட்_வாசல்:

சட்டம் பற்றிச் சுருக்கமாக. நான் வக்கீல் குமாஸ்தா, வக்கீல் அல்ல.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் ஒளிபரப்பாளருக்கு 37ஆம் பிரிவில் 25 ஆண்டு உரிமை இருக்கிறது. ஆனால் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்தப் பயனுக்கு ஒலியாகவோ ஒளியாகவோ பதிந்துகொண்டால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவுதான் பூட்டை உடைப்பது பற்றியது: உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். 'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பா பேச்சை வீட்டில் வைத்துப் பார்ப்பது ஒன்று, முழு நிகழ்ச்சியையும் உங்கள் சேனலில் ஏற்றுவது முற்றிலும் வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

பதினாறு_போர்ட்:

மாடி டிவி கதைக்கு வருகிறேன். ஒரு வேலை செய்யுங்கள். கீழ் வைஃபையில் இருக்கும்போது போனின் ஐபி முகவரி என்ன, மாடி வைஃபையில் இருக்கும்போது என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். கீழே 192.168.1 என்று ஆரம்பித்து மேலே 192.168.0 என்று ஆரம்பித்தால் நோய் தெரிந்துவிட்டது.

காவிரிக்கரை:

அப்படியேதான் இருக்கிறது! கீழே 192.168.1.14, மேலே 192.168.0.103. இது தப்பா?

பதினாறு_போர்ட்:

தப்பு இல்லை, ஆனால் உங்கள் வீட்டில் இப்போது இரண்டு நெட்வொர்க் இருக்கிறது, தனிக்குடித்தனம் மாதிரி. மாடியிலிருந்து வெளியே போகலாம், அதனால் நெட் நன்றாக வருகிறது. டிவி பட்டியலில் டிஸ்க் தானாக வருவது டிஎல்என்ஏ என்ற ஏற்பாட்டால். டிவி 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 போர்ட்டில், 'யாராவது படம் வைத்திருக்கிறீர்களா' என்று கூவும், டிஸ்க் வைத்திருப்பவர் பதில் சொல்வார். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. மாடி டிவி கத்துவது கீழே யார் காதிலும் விழவில்லை, அவ்வளவுதான்.

மாடி ரவுட்டரின் அமைப்பில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் முதலில் மாடி ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை வேன் (WAN) ஓட்டையிலிருந்து பிடுங்கி லேன் (LAN) ஓட்டை ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், வீடே இணையம் இல்லாமல் நிற்கும், பழி உங்கள் மேல் வரும். மாடி டிவி 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், விருந்தினர் வைஃபை வீட்டுக் கருவிகளைக் காட்டாமல் மறைப்பதற்காகவே வைத்தது.

விண்டோஸ் 11 பிரச்சினை வேறு. ரவுட்டர் யூஎஸ்பி பகிர்வு பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாத, எஸ்எம்பி1 என்ற அரதப்பழசான முறை. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் புரோ கடவுச்சொல் இல்லாத பகிர்வைத் திறக்க மறுக்கிறது, டிஜிட்டல் கையொப்பமும் கேட்கிறது. எஸ்எம்பி1ஐ விண்டோஸ் 10இன் 2017 கடைசிப் பதிப்பிலிருந்தே தானாக நிறுவுவதில்லை. யூடியூபில் 'இந்த இரண்டு டிக்கைப் போடு, சரியாகிவிடும்' என்று வழி காட்டுவார்கள். சரியாகும், செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வானாகிரை என்ற வைரஸ் அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் பரவியது. பூட்டு பழசு என்று புது லேப்டாப் சொல்கிறது, லேப்டாப் சொல்வதைக் கேளுங்கள்.

என் யோசனை: அந்தப் பழைய லேப்டாப்பை வீணாக்காமல் அதில் லினக்ஸ் போட்டு, வீட்டுப் படங்களையும் பாட்டுகளையும் டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை நிறுவி, கீழ் ரவுட்டர் பக்கத்தில் கேபிளில் மாட்டிவிடுங்கள். டிஸ்க்கை ரவுட்டரிலிருந்து கழற்றி இதில் செருகுங்கள். இன்டெல் ஆறாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் எச்.265 முறையில் சுருக்கிய வீடியோவைக்கூட டிவிக்கு ஏற்றபடி சிரமம் இல்லாமல் மாற்றித் தரும். பேட்டரி இருப்பதால் கரன்ட் போனாலும் டிஸ்க் பாதியில் அறுபடாது, இலவச யூபிஎஸ். (சார்ஜ் வரம்பு வைக்க முடிந்தால் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள், எப்போதும் செருகியே கிடந்தால் பேட்டரி உப்பும்.) ஆண்ட்ராய்டு டிவியில் ஜெல்லிஃபின் செயலி இருக்கிறது. செயலி இல்லாத டிவிக்கு டிஎல்என்ஏ வேண்டும் என்றால் 10.9 பதிப்பிலிருந்து அது தனிச் செருகுநிரல், அதையும் சேர்த்து நிறுவுங்கள்.

இதே வேலைக்கு ப்ளெக்ஸ் என்ற மென்பொருள் நல்லது என்று யாராவது வருவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்க அதில் காசு. ஜெல்லிஃபின் 2018இல் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம்.

ராத்திரி_ஷிஃப்ட்:

போர்ட் திறந்து மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் எழுதிய நண்பருக்கு: கதவைத் திறந்து போட்டுத் தூங்கியும் திருடன் வரவில்லை என்கிறீர்கள், சரி. 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற வீட்டு டிஸ்க் வைத்திருந்தவர்கள் பலர் எழுந்து பார்த்தபோது டிஸ்க் காலி. இணையம் வழியாக யாரோ உள்ளே நுழைந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பிவிட்டார்கள். கம்பெனி 2015லேயே அந்தக் கருவிக்கு மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்தியிருந்தது. அதே வருடம் ஏப்ரலில் கியூநாப் கம்பெனியின் வீட்டு டிஸ்க் கருவிகளில் க்யூலாக்கர் என்ற வைரஸ் புகுந்து, கோப்புகளை 7ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் கடவுச்சொல் போட்டுக் கட்டிவிட்டுப் பணம் கேட்டது. இரண்டிலும் போனதில் பாதி இப்படிப்பட்ட குடும்பப் படங்களாகத்தான் இருக்கும்.

தவிர, நம் ஊரில் பல இணைப்புகளில் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. ரவுட்டரில் வேன் முகவரி 100.64 முதல் 100.127க்குள் ஆரம்பித்தால், நூற்றுக்கணக்கான வீடுகளோடு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது. டெயில்ஸ்கேல் என்ற செயலியைப் போடுங்கள். ஜெல்லிஃபின் லேப்டாப்பில் ஒன்று, அக்கா போனில் ஒன்று, அக்கா டிவி ஆண்ட்ராய்டு என்றால் அதிலும் ஒன்று. உள்ளே வயர்கார்டு, மறையாக்கம் செய்த தனிச் சுரங்கப்பாதை, போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். அக்காவுக்கு ஜெல்லிஃபினில் தனிக் கணக்கு, பார்க்க மட்டும், நீக்கும் உரிமை இல்லாமல். அத்திம்பேர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று, டிஎல்என்ஏவுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. உங்கள் வைஃபை கடவுச்சொல் தெரிந்த யாரும், பக்கத்து வீட்டுப் பையன் உட்பட, அந்தப் பத்து வருட போன் படங்களைப் பார்க்கலாம். அந்த ஃபோல்டரை டிஎல்என்ஏவில் சேர்க்காதீர்கள். ஆதார் நகல், மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் போன் படங்களோடு கலந்து கிடக்கும், யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரே டிஸ்க்கில் என்று எழுதியதைப் படித்தபோது வயிறு கலங்கியது. இன்னொரு 2 டிபி வாங்கி நகல் எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், செருகியே வைத்தால் வைரஸ் இரண்டையும் சேர்த்துத் தின்னும். மூன்றாவது நகல் அக்கா வீட்டில். பென் டிரைவைத் தொலைப்பவர் ஹார்ட் டிஸ்க்கைத் தொலைக்கமாட்டார் என்று நம்புவோம்.

காவிரிக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மாடி ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் முறை இல்லை, கேபிள் மாற்றும் வழியில் செய்தேன். எச்சரித்தும் டிஎச்சிபியை அணைக்க மறந்து, ஒரு சாயந்திரம் அம்மாவின் சீரியல் போனது, பழியும் வந்தது. இப்போது மாடி டிவியில் எல்லாம் வருகிறது. பழைய லேப்டாப் ஏழாம் தலைமுறையாம், ஜெல்லிஃபின் ஓடுகிறது. அக்கா டெயில்ஸ்கேலில் திருப்புகழ் கேட்கிறாள், பாட்டி ஒரு இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு 'பாலை அடுப்பிலேர்ந்து எறக்கு' என்று சொல்வது பதிவாகியிருக்கிறது, அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாளாம்.

பட்டிமன்றம் சேனலின் யூடியூப் பக்கத்தில் இருந்தது! ஆனால் அப்பா பேசியதை இரண்டு நிமிடமாக வெட்டியிருக்கிறார்கள். ஆகவே ஏவி கேப்சர்தான். பெட்டி ஐந்தாவது முயற்சியில் எழுந்தது, ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம், அப்பா பேச்சு முழுசாக வந்துவிட்டது. ஓரங்களில் கொஞ்சம் கலங்கல், குரல் தெளிவு. கடைசி விளம்பர இடைவேளையில் பெட்டி அணைந்தது, அப்புறம் எழவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம். என் கல்யாண டிவிடி நாலில் மூன்றாவது பாதிக்கு மேல் படிக்கவில்லை, சரியாக முகூர்த்தம் வரும் இடம். மேலே ஸ்டுடியோக்காரர் எங்கள் போட்டோ போட்ட காகித ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். உரித்துப் பார்க்கலாமா?

பழைய_கேபிள்காரர்:

இப்போதைக்கு உரிக்காதீர்கள். விசிடியாக இருந்தால் ஒருபோதும் கூடாது, சிடியில் தகவல் பதிந்த படலம் மேல்பக்கத்திலேயே இருக்கிறது, ஸ்டிக்கரோடு சேர்ந்து வந்துவிடும். டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் அது கடைசி முயற்சி. ஸ்டிக்கர் இறுகித் தட்டை லேசாக வளைத்திருக்கும், அதனால்தான் வெளிவட்டம் படிக்கவில்லை. டிவிடி உள்ளிருந்து வெளியே ஓடும், பாதிக்கு மேல் என்றால் அதுதான் இடம்.

வேறு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் டிரைவ்கள் லேப்டாப் டிரைவை விடப் பொறுமையாகப் படிக்கும். அந்த லினக்ஸ் லேப்டாப்பில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியை நிறுவுங்கள். அது முதலில் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். பதிவுக் குறிப்புக் கோப்பை வைத்துக்கொண்டால் ஒரு டிரைவில் பாதி, இன்னொரு டிரைவில் மீதி என்று சேர்க்கலாம். ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். ஸ்டுடியோவில் மாஸ்டர் கேசட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், 2009 என்றால் மினிடிவி (MiniDV) கேசட்டில் எடுத்திருக்க வாய்ப்பு உண்டு.